ஸ்லோவேனியா: நான்கு நிலங்கள், ஒரு மொழி

"ஸ்லோவேனியா எங்கே இருக்கிறது? நிலம் எப்படி, மக்கள் யார்? ஸ்லோவாக்கியாவும் அதுவும் ஒன்றுதானா?" என்று கேட்டிருந்தீர்கள். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இரண்டும் வேறு வேறு நாடுகள். ஸ்லோவாக்கியா, செக்கோஸ்லோவாக்கியா இரண்டாகப் பிரிந்தபோது வந்தது. ஸ்லோவேனியா யூகோஸ்லாவியாவிலிருந்து 1991-இல் பிரிந்து வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் கிடக்கின்றன. இரண்டு நாட்டுக் கொடிகளிலும் வெள்ளை, நீலம், சிவப்பு என்று அதே மூன்று நிறங்கள் இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

வரைபடத்தில் இத்தாலியின் வடகிழக்கு மூலையைப் பாருங்கள். அதை ஒட்டியபடி மேற்கே இத்தாலி, வடக்கே ஆஸ்திரியா, வடகிழக்கில் ஹங்கேரி, தெற்கிலும் கிழக்கிலும் குரோஷியா என நான்கு நாடுகளுக்கு நடுவே இருப்பதுதான் ஸ்லோவேனியா. பரப்பு 20,271 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 21 லட்சம். தலைநகர் லியுப்லியானாவில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் இருக்கிறார்கள். அடுத்த பெரிய ஊரான மாரிபோரில் ஒரு லட்சம் பேர் இருக்கலாம். அதற்கப்புறம் எல்லாமே சிறிய ஊர்கள்தான், ஆயிரக்கணக்கில்.

இந்த எண்களை மனப்பாடம் செய்வதால் அந்த நாடு புரிந்துவிடாது. அங்கே நிலம் மக்களைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்தது. மொழி அவர்களைச் சேர்த்து வைத்தது. சொந்த அரசு இல்லாமல் பல நூற்றாண்டுகள் கழித்த ஒரு சிறிய இனம் ஜெர்மன், இத்தாலிய, ஹங்கேரிய மொழிகளுக்கு நடுவில் கரையாமல் நின்றது எப்படி என்பதுதான் என்னைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவின் நான்கு பெரிய நிலப்பகுதிகள் இந்தச் சிறிய இடத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன. வடமேற்கில் ஆல்ப்ஸ் மலை, தென்மேற்கில் ஏட்ரியாட்டிக் கடற்கரை, கிழக்கில் ஹங்கேரிச் சமவெளியின் தொடக்கம், தெற்கில் காடும் சுண்ணாம்புப் பாறையுமான தினாரிக் மலைத்தொடர். காலையில் ப்ளெட் ஏரிக்கரையில் பனிமலையைப் பார்த்துவிட்டுக் காரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டைக் கடற்கரையில் வைத்துக்கொள்ளலாம். சாலை வழி இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

ஆல்ப்ஸ் பகுதியைப் பற்றிப் படங்களே நிறையச் சொல்லிவிடும். ப்ளெட் ஏரி, நடுவே தேவாலயம் நிற்கும் தீவு, பக்கத்தில் இன்னும் அமைதியான போஹின் ஏரி, பச்சை கலந்த நீல நிறத்தில் ஓடும் சோச்சா ஆறு. ஆனால் ட்ரிக்லாவ் சிகரத்தின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 2,864 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம்தான் நாட்டிலேயே உயரமானது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் மொழி பேசும் மலையேற்றச் சங்கங்கள் அங்கே குடில்கள் கட்டி, பாதைகளுக்கு ஜெர்மன் பெயர்ப் பலகை வைத்துக்கொண்டிருந்தன. யாகோப் அல்யாஷ் என்ற கிராமப் பாதிரியார் சிகரத்தின் உச்சியில் இருந்த சில சதுர மீட்டர் நிலத்தை ஒரு ஃபுளோரின் (அந்தக் காலத்து ஆஸ்திரிய நாணயம்) கொடுத்து வாங்கினார். 1895-இல் அங்கே ஆள் நுழையக்கூடிய அளவில் ஒரு சிறு இரும்புக் கோபுரத்தை நிறுத்தினார். அது இன்றும் அங்கேதான் நிற்கிறது. மலையின் உருவம் கொடியிலும் 50 சென்ட் யூரோ நாணயத்திலும் இருக்கிறது. ஸ்லோவேனியராகப் பிறந்தவர் ஒருமுறையாவது ட்ரிக்லாவ் ஏற வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். முழங்கால் வலியோடு ஏறிவிட்டு வரும் பெரியவர்களும் உண்டு.

சோச்சா ஆற்றின் அழகைப் பார்க்கும்போது அங்கே நடந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் உலகப் போரில் 1915 முதல் 1917 வரை இத்தாலியும் ஆஸ்திரிய ஹங்கேரியும் அந்த ஆற்றோரம் பன்னிரண்டு முறை மோதின. லட்சக்கணக்கானோர் செத்தும் காயப்பட்டும் போனார்கள். பதுங்கு குழிகளும் கல்லறைகளும் இன்னும் மலைச்சரிவுகளில் கிடக்கின்றன. கோபரிட் என்ற சிற்றூரில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

கிழக்குச் சமவெளியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திராட்சைத் தோட்டக் குன்றுகள், வெந்நீர் ஊற்றுகள், முரா ஆற்றுக்கு அப்பால் நாரைகள் கூடு கட்டும் பிரெக்முர்யே கிராமங்கள். மாரிபோரில் ஒரு வீட்டுச் சுவரில் படர்ந்திருக்கும் திராட்சைக் கொடிக்கு வயது நானூறுக்கும் மேல், இப்போதும் காய்க்கிறது. குளிர்காலம் முடியும் சமயத்தில் ப்துய் ஊரில் ஆட்டுத்தோல் உடையும் இடுப்பில் பெரிய மணிகளும் கட்டிக்கொண்டு 'குரென்ட்' வேடக்காரர்கள் தெருத்தெருவாகக் குதித்துப் போவார்கள். குளிரை விரட்டி வசந்தத்தை அழைப்பதாக ஐதீகம்.

இனி என் மனதுக்கு மிகவும் பிடித்த பகுதி. தென்மேற்கில் இருக்கும் சுண்ணாம்புப் பீடபூமிக்கு கிராஸ் என்று பெயர். அங்கே மழை பெய்தால் தண்ணீர் நிலத்தின் மேல் தங்காது. பாறையில் இருக்கும் வெடிப்புகள் வழியாக உள்ளே இறங்கி, பாறையைக் கரைத்துக் கரைத்து ஆயிரக்கணக்கான குகைகளைக் குடைந்துவிட்டது. மேலே கிணறு வெட்டினால் தண்ணீர் வராது. காதை வைத்தால் கீழே ஆறு ஓடும் சத்தம் கேட்கும் இடங்கள் உண்டு. ரேகா என்ற ஆறு ஷ்கோட்ஸ்யான் குகைக்குள் இறங்கி மறைந்து, முப்பது கிலோமீட்டருக்கு மேல் நிலத்துக்கடியிலேயே போய், இத்தாலிக்குள் கடலுக்குப் பக்கத்தில்தான் வெளியே வருகிறது. அந்தக் குகை 1986 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

லியுப்லியானா நகரத்தின் நடுவே அமைதியாக ஓடும் லியுப்லியானிட்சா ஆறும் இப்படித்தான். அது ஓரிடத்தில் தோன்றி, மறைந்து, வேறிடத்தில் வேறு பெயரோடு தோன்றி, மறுபடி மறைந்து என்று வருகிறது. பிவ்கா, ராக், உனிட்சா என்றெல்லாம் தனித்தனி ஆறுகளாக மக்கள் பெயர் வைத்தவை எல்லாம் ஒரே நீர்தான் என்பது பின்னால்தான் உறுதியானது. ஏழு பெயர்கள் கொண்ட ஆறு என்று அதைச் சொல்வார்கள்.

இதே நீர்வழியில் செர்க்னிட்சா ஏரி இருக்கிறது. இலையுதிர் கால மழைக்குப் பிறகு நிலத்தில் இருக்கும் துளைகள் வழியாக நீர் மேலே பொங்கி வந்து, இருபது சதுர கிலோமீட்டருக்கும் மேலான பரப்பில் ஏரியாகப் பரவும். கோடையில் அதே மாதிரித் துளைகள் வழியாக இறங்கிப் போய்விடும். ஆக, ஒரே இடத்தில் ஒரு பருவத்தில் படகில் போய் மீன் பிடிப்பார்கள், இன்னொரு பருவத்தில் புல் அறுத்து மாட்டுக்குப் போடுவார்கள், கடும் குளிரில் உறைந்த நீர்மேல் சறுக்கி விளையாடுவார்கள். நீர் இறங்கும்போது கடைசிக் குட்டைகளில் மாட்டிக்கொள்ளும் மீன்களை உள்ளூர்க்காரர்கள் வாளிகளில் அள்ளிக் கொண்டுபோய் ஆழமான நீரில் விடுவார்கள். 17-ஆம் நூற்றாண்டில் வல்வசோர் என்ற அறிஞர் இந்த ஏரி எப்படி நிரம்பி வடிகிறது என்று ஆராய்ந்து எழுதியதற்காக லண்டனின் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் 1687-இல் அவரை உறுப்பினராக்கியது. 1960-களில் துளை வாய்களை அடைத்து நிரந்தர ஏரியாக்கவும் முயன்றார்கள். நீர் கேட்கவில்லை.

போஸ்டோய்னா குகை இருபத்துநாலு கிலோமீட்டர் நீளம். உள்ளே சுற்றுலாப் பயணிகளுக்கு 1872 முதல் ரயில் இருக்கிறது. ஆரம்பத்தில் ஆட்களே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் குகை நீரில் 'ஓல்ம்' என்ற பிராணி வாழ்கிறது. ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளம், பாம்புக்குக் கால் முளைத்தது போன்ற உடல், வெளிறிய தோல், கழுத்தோரம் சிவப்பாகக் குஞ்சம் மாதிரி செவுள்கள். கண் தோலுக்குள் புதைந்திருக்கும், பார்வை கிடையாது. வருடக்கணக்கில் சாப்பிடாமல் தாக்குப்பிடிக்கும். நூறு வயதுவரை வாழக்கூடியது. வெள்ளத்தில் வெளியே அடித்துவரப்பட்ட ஓல்ம்களைப் பார்த்த அந்தக் காலத்து மக்கள், மலைக்குள் இருக்கும் பறக்கும் நாகத்தின் குட்டிகள் என்று நம்பினார்கள். 2016-இல் போஸ்டோய்னா குகைத் தொட்டியிலேயே முட்டைகள் பொரிந்து இருபதுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் வெளிவந்தன. மனிதர் கண்முன் அப்படி நடப்பது அபூர்வம் என்பதால் நாடே அதைச் செய்தியில் தொடர்ந்து பார்த்தது.

அந்தப் பக்கத்தில் மேலே வீசும் 'புர்யா' காற்றும் பெயர் பெற்றது. விபாவா பள்ளத்தாக்கில் அது மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் அடிக்கும். ஓடுகள் பறக்காமலிருக்கப் பழைய வீடுகளின் கூரைமேல் கற்களை வரிசையாக வைத்திருப்பார்கள். காற்று வலுத்தால் தார்ப்பாய் போட்ட லாரிகளை நெடுஞ்சாலையில் விடமாட்டார்கள்.

கிழக்கே தள்ளிப் போனால் கோச்செவியே காடு. நாட்டின் பாதிக்கு மேல், ஏறக்குறைய 58 சதவீதம், காடுதான். கரடிகள் சுமார் ஆயிரம் இருக்கின்றன. இந்தக் காட்டின் ஒரு பகுதிக்குள் சோகமான கதையும் இருக்கிறது. அறுநூறு ஆண்டுகளாக அங்கே வாழ்ந்த ஜெர்மன் மொழிக் குடியானவர்களை இரண்டாம் உலகப் போரின்போது, 1941-42 குளிர்காலத்தில், வேறிடத்துக்கு மாற்றினார்கள். ஊர்கள் காலியாகிப் பாழடைந்தன. இன்று பல இடங்களில் ஊர் இருந்ததற்கு அடையாளமாகக் காட்டுக்குள் பழைய பழமரங்கள் மட்டும் நிற்கின்றன.

கடற்கரை 47 கிலோமீட்டர்தான். கோப்பர், இசோலா, பிரான் என்று மூன்று பழைய ஊர்கள். ஐந்து நூற்றாண்டுகள் வெனிஸ் ஆட்சியில் இருந்ததால் சந்துகளும் மணிக்கூண்டும் இத்தாலியைப் போலவே இருக்கும். பிரானுக்குத் தெற்கே செச்சோவ்லே உப்பளம். அங்கே உப்பு எடுக்கும் முறையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பாத்தியின் அடியில் 'பெத்தோலா' என்று ஒரு மெல்லிய படலத்தை வளர்க்கிறார்கள். நுண்ணுயிர்களும் களிமண்ணும் ஜிப்சமும் சேர்ந்து சில மில்லிமீட்டர் கனத்தில் தரைமேல் பாய் விரித்தது போல் இருக்கும். உப்பு அதன்மேல் படிவதால் அடிச்சேறு உப்போடு கலக்காது, உப்பு வெள்ளையாக வரும். இரும்பு பட்டால் படலம் கிழிந்துவிடும் என்பதால் மரப்பலகை கட்டிய கோலால்தான் உப்பை வாருகிறார்கள். குளிர்காலத்தில் படலத்தைப் பராமரிப்பதே தனி வேலை. 14-ஆம் நூற்றாண்டிலிருந்து இந்த முறை தொடர்கிறது. முன்பெல்லாம் ஏப்ரல் கடைசியில் பிரான் குடும்பங்கள் பாயும் பாத்திரமுமாக உப்பள வீடுகளுக்குக் குடிபோய், ஆகஸ்ட் இறுதியில்தான் ஊர் திரும்பும்.

சரி, மக்கள். இவ்வளவு மலையும் பள்ளத்தாக்கும் இருந்தால் ஒரு ஊர்க்காரர் பேச்சு அடுத்த ஊர்க்காரருக்கு வேறாகத்தானே கேட்கும்? 21 லட்சம் பேருக்குள் ஏறத்தாழ ஐம்பது வட்டார வழக்குகள் இருப்பதாக மொழியறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். பிரெக்முர்யே கிழவர் தன் வழக்கில் வேகமாகப் பேசினால் கடற்கரைக்காரர் திணறிவிடுவார். இந்தப் பல பேச்சுகளை ஒரே மொழி என்று உணரவைத்தது எழுத்து. பிரிமோஷ் துருபார் என்ற புராட்டஸ்டன்ட் போதகர் 1550-இல் ஜெர்மனியில் வைத்து ஸ்லோவேனிய மொழியின் முதல் இரண்டு அச்சுப் புத்தகங்களை வெளியிட்டார். ஒன்று மறைக்கல்வி நூல், மற்றொன்று அரிச்சுவடி. 1584-இல் யூரி தல்மாட்டினின் முழு பைபிள் மொழிபெயர்ப்பு வந்தது. பிறகு கத்தோலிக்க அரசு புராட்டஸ்டன்ட் நூல்களை எரித்தபோதும் தல்மாட்டின் பைபிளை மட்டும் பாதிரியார்கள் பயன்படுத்திக்கொள்ள அனுமதி இருந்தது. அதனால் எழுத்து வழக்கு அறுபடவில்லை. இன்று பெரும்பான்மை கத்தோலிக்கர்கள் இருக்கும் அந்த நாட்டில் அக்டோபர் 31, புராட்டஸ்டன்ட் இயக்கத்தின் தொடக்கத்தை நினைவுகூரும் சீர்திருத்த நாள், அரசு விடுமுறை. மதம் எதுவானாலும் மொழிக்குச் செய்ததை மறக்கவில்லை.

அதைப் போலவே பிப்ரவரி 8-ஆம் தேதியும் விடுமுறை. பிரான்ட்சே பிரெஷெரன் என்ற கவிஞர் 1849-இல் இறந்த நாள் அது. தலைநகரின் நடுச் சதுக்கத்தில் படைத்தளபதி சிலையோ அரசர் சிலையோ இல்லை. பிரெஷெரன் சிலைதான் நிற்கிறது. நாட்டுப்பண்ணும் அவர் எழுதிய பாடலின் ஏழாவது பத்தி. எல்லா இனங்களும் பகையின்றி, அண்டை வீட்டாராக வாழ வேண்டும் என்று வாழ்த்தும் பாட்டு. போர்முழக்கம் இல்லாத நாட்டுப்பண் வேண்டும் என்று அவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அவர்கள் மொழியில் ஒருமை, பன்மை தவிர இருமையும் அன்றாடப் பேச்சில் உயிரோடு இருக்கிறது. 'நாம் இருவர்' என்பதற்கும் 'நாம் பலர்' என்பதற்கும் வினைச்சொல்லே மாறும். காதல் கவிதைக்கு இது எவ்வளவு வசதி என்று அவர்களே பெருமையாகச் சொல்வார்கள்.

அரசியல் வரலாறு சுருக்கமாக: பல நூற்றாண்டுகள் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஆட்சி, 1918-க்குப் பிறகு யூகோஸ்லாவிய முடியரசு, மேற்குப் பகுதி மட்டும் இத்தாலிக்குப் போனது, அங்கே பாசிச அரசு பள்ளிகளில் ஸ்லோவேனிய மொழியைத் தடை செய்தது. 1941-இல் ஜெர்மனியும் இத்தாலியும் ஹங்கேரியும் நாட்டைத் துண்டு போட்டுக்கொண்டன. லியுப்லியானா நகரத்தைச் சுற்றி 1942-இல் இத்தாலியப் படை முள்வேலி அடைத்தது. போர் முடியும்வரை வேலி இருந்தது. இன்று அதே தடத்தில் மரங்கள் நட்டு நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள். முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பாதையில் ஒவ்வொரு மே மாதமும் ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள். போர் முடிந்த கையோடு, யூகோஸ்லாவியாவில் ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்ட் தரப்பு எதிரணிப் படையினரை ஆயிரக்கணக்கில் விசாரணையின்றிக் கொன்று குழிகளில் போட்டது. அந்தக் காயம் குடும்பங்களுக்குள் இன்னும் ஆறவில்லை. ஸ்லோவேனிய அரசியலைப் பின்தொடர்ந்தால் அது அடிக்கடி தலைகாட்டுவதைக் காண்பீர்கள்.

1990 டிசம்பர் 23-ஆம் தேதி வாக்கெடுப்பில் மொத்த வாக்காளர்களில் 88 சதவீதத்துக்கும் மேல் விடுதலை வேண்டும் என்றார்கள். 1991 ஜூன் 25-இல் அறிவிப்பு, இரண்டாம் நாளே யூகோஸ்லாவிய ராணுவத்தோடு போர், பத்தே நாளில் முடிவு. இரு தரப்பிலும் சேர்த்து இறந்தவர்கள் நூறுக்கும் குறைவு. 2004-இல் ஐரோப்பிய ஒன்றியம். 2007-இல் யூரோ நாணயம்.

வெற்றிக் கதையாகவே சொல்லி முடித்தால் நேர்மையாக இருக்காது. 1992 பிப்ரவரி 26-ஆம் தேதி, பிற யூகோஸ்லாவியக் குடியரசுகளிலிருந்து வந்து அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்த 25,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் நிரந்தரக் குடியிருப்பாளர் பதிவேட்டிலிருந்து ஓசையில்லாமல் நீக்கப்பட்டன. குடியுரிமைக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்கவில்லை என்பது காரணம். வேலை, மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் போயின. சிலரை நாட்டைவிட்டே அனுப்பினார்கள். 'அழிக்கப்பட்டவர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். 2012-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நாட்டின் அதிபர் மன்னிப்புக் கேட்டது 2022-இல்தான். மொழியால் இணைந்த இனம், அந்த இணைப்புக்கு வெளியே இருப்பவர்களை எப்படி நடத்தியது என்பதும் இந்த நாட்டின் அறிமுகத்தில் இருக்க வேண்டிய செய்தி.

2002 கணக்கெடுப்பில் 83 சதவீதம் பேர் தங்களை ஸ்லோவேனியர் என்று பதிந்தார்கள். செர்பியர், குரோஷியர், போஸ்னியர் அடுத்த பெரிய குழுக்கள். கடற்கரையில் இத்தாலியரும் பிரெக்முர்யேவில் ஹங்கேரியரும் எண்ணிக்கையில் சிறியவர்கள். ஆனால் அவர்களுக்குத் தாய்மொழிப் பள்ளியும், இருமொழிப் பெயர்ப் பலகையும், 90 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் தலா ஓர் இடமும் உண்டு. எல்லைக்கு அப்பால் இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலும் ஸ்லோவேனிய மொழிச் சிறுபான்மையினர் இருக்கிறார்கள்.

அன்றாட வாழ்க்கையில் இவர்களை ஒன்றாக இணைக்கும் இன்னொன்று தேனீ. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தேனீ வளர்க்கிறார்கள். பெட்டிகளைத் தனித்தனியாக வயலில் வைக்காமல், அலமாரி அறைகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கூரை போட்டு மரவீடாகவே கட்டிவிடுவார்கள். தேனீ முன்பக்கம் வரும் போகும். வளர்ப்பவர் பின்பக்கக் கதவைத் திறந்து உள்ளே நின்று வேலை பார்ப்பார். முன்பலகைகளில் 18-ஆம் நூற்றாண்டு முதல் படம் வரையும் பழக்கம்: புனிதர்கள், வேட்டைக்காரனைத் தூக்கிப்போகும் மிருகங்கள், ஊர்வம்புகள். அன்டோன் யான்ஷா என்ற விவசாயி மகன், அரசி மரியா தெரேசா காலத்தில் வியன்னாவில் தேனீ வளர்ப்பு ஆசிரியரானார். ஸ்லோவேனியா முன்மொழிந்து ஐ.நா. 2017-இல் ஏற்றுக்கொண்ட உலகத் தேனீ நாள், மே 20, அவர் நினைவாக வைத்ததுதான்.

நேரில் போக வாய்ப்புக் கிடைத்தால் லியுப்லியானாவில் யோஷே பிளெச்னிக் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய பாலங்களையும் சந்தையையும் நூலகத்தையும் ஒரு நாள் நிதானமாகப் பாருங்கள். அப்புறம் ப்ளெட் பக்கத்திலிருந்து நோவா கொரிட்சாவுக்குப் போகும் ரயிலில் ஏறுங்கள். 1906-இல் திறந்த அந்தப் பாதை மலையைக் குடைந்து போய், சோச்சா ஆற்றோரம் இறங்கி, சோல்கான் என்ற இடத்தில் ஆற்றைக் கடக்கிறது. அங்கே இருக்கும் 85 மீட்டர் கல் வளைவுதான் உலகின் ரயில் பாலங்களிலேயே மிகப் பெரிய கல் வளைவு. கடைசி நிறுத்தத்தில் இறங்கி வெளியே வந்தால் சதுக்கத்தின் பாதி ஸ்லோவேனியா, மறுபாதி இத்தாலியின் கொரிசியா நகரம். 1947-இல் போட்ட எல்லை ஊரையும் ரயில் நிலையத்தையும் பிரித்துவிட்டதால், ஸ்லோவேனியர்கள் இந்தப் பக்கம் புதிதாக ஒரு நகரத்தையே கட்டினார்கள். சதுக்கத்தின் வேலியை 2004-இல் எடுத்தார்கள். 2025-இல் இரண்டு நகரங்களும் சேர்ந்து ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்தன. அங்கிருந்து இத்தாலிக்குள் நடந்தே போகலாம். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்று இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் போதும்.